செக்: ஒரு சொல்லின் வழித்தடம்

ஆங்கிலம் கற்றிராத நம் ஊர்ப் பெரியவர்களும் நாள்தோறும் எடுத்தாளும் ஆங்கிலச் சொற்களுள் ‘செக்’ ஒன்று. வங்கியில் கொடுப்பது செக். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்துவது செக்போஸ்ட். மருத்துவரிடம் செல்வது செக்கப். ஜவுளிக்கடையில் கேட்பது செக் சட்டை. விடுதியிலும் விமான நிலையத்திலும் செய்வது செக்‑இன். ஒருவர் மற்றவரின் திட்டத்தை முறியடித்தால், ‘செக் வைத்துவிட்டார்’ என்று நாளிதழ் தலைப்பிடுகிறது. கணக்குப் பிள்ளையிடம் ‘ஒருமுறை செக் பண்ணிவிடு’ என்கிறோம். (எண்ணெய் ஆட்டும் நம் செக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, ஒலி ஒற்றுமை மட்டுமே.)

தடுத்தல், சரிபார்த்தல், கட்டம், பணம் வழங்கும் தாள் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று எவ்வகையிலும் ஒட்டாத பொருள்கள். இவையனைத்தையும் ஓரசைச் சொல் ஒன்று தாங்கி நிற்பது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். எனினும் நம்மை இத்தேடலுக்குத் தூண்டியது மொழி ஆர்வம் மட்டுமன்று. ஒரு கூச்சமும் உண்டு.

‘செக்’ என்னும் வங்கித் தாளின் பெயர் ‘ஸக்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்று நம் இதழ்களும் மேடைகளும் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. நாமும் ஒரு கூட்டத்தில் அவ்வாறே பேசிக் கைதட்டலும் பெற்றோம். கூட்டம் கலைந்தபின், முதுமையெய்திய அரபுக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். “தம்பி, ஸக் நம்முடைய சொல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அது இங்கிலாந்துக்கு எந்த வழியாகப் போயிற்று? இடையில் எந்த மொழியில் தங்கியது? அதைச் சொல்லவில்லையே நீங்கள்” என்றார். நம்மிடம் விடையில்லை. ஓசை ஒத்திருக்கிறது என்பதற்கு மேல் ஒரு சான்றையும் நாம் அதுவரை தேடியதுமில்லை.

தேடியபோது கிடைத்த விடை நாம் எதிர்பார்த்ததன்று. ஆயினும் எதிர்பார்த்ததைவிடச் சுவையானது.

ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிகள் ‘செக்’ என்பதன் வேரை வங்கியில் காட்டவில்லை. சதுரங்கப் பலகையில் காட்டுகின்றன. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு உறுப்புகள் கொண்ட படையைக் குறித்த ‘சதுரங்கம்’ என்னும் வடசொல் இந்திய ஆட்டம் ஒன்றின் பெயராகி ஸாஸானியப் பாரசீகத்துக்குச் சென்றது. அங்கே பஹ்லவி மொழியில் ‘சத்ரங்’ ஆயிற்று. இந்தியாவிலிருந்து நூஷிர்வான் மன்னரின் அவைக்கு இவ்வாட்டம் புதிராக அனுப்பப்பட்டதையும், அமைச்சர் புஸுர்ஜ்மிஹ்ர் அதன் முறையைக் கண்டறிந்ததையும் ஃபிர்தௌஸி தம் ஷாஹ்நாமாவில் கதையாகப் பாடியுள்ளார். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தபின், அரபியில் ‘ச’கர வல்லொலியும் ‘க’கர மெல்லொலியும் இல்லாமையால் சத்ரங் ‘ஷத்ரன்ஜ்’ எனத் திரிந்தது. ஆட்டத்தோடு அதன் கலைச்சொற்களும் அரபிக்குள் நுழைந்தன. அவற்றுள் தலையாயது ‘ஷாஹ்’. அரசன் எனப் பொருள்படும் இப்பாரசீகச் சொல், ‘க்ஷத்ர’ என்னும் வடசொல்லோடு உறவுடைய பழம்பாரசீக வடிவத்திலிருந்து வந்தது.

அப்பாஸிய கலீஃபாக்களின் அவையில் ஷத்ரன்ஜ் ஒரு கலையாகவே வளர்ந்தது. அல்அத்லீ, கி.பி. 946இல் பஸ்ராவில் மறைந்த அஸ்ஸூலீ ஆகியோர் இவ்வாட்டத்தைப் பற்றித் தனி நூல்கள் எழுதினர். அஸ்ஸூலீ வரலாற்றாசிரியரும் இலக்கிய அறிஞருமாவார். இந்த ஆட்டம் கூடுமா என்பது பற்றி ஃபிக்ஹ் அறிஞரிடையே நிலவிய கருத்து வேறுபாடு வாசகர் அறிந்ததே. ஷாஃபிஈ மத்ஹபில் சூதும் தொழுகைக்கு இடையூறும் இல்லாத நிலையில் அது மக்ரூஹ்; ஏனைய மத்ஹபுகள் இன்னும் கண்டிப்பானவை. அந்த விவாதம் இங்கே நமக்குரியதன்று. நமக்கு வேண்டியது ஆட்டத்தில் எழுந்த ஒரு கூவல் மட்டுமே.

எதிரியின் அரசனைத் தாக்கும் காயை நகர்த்துபவர் ‘ஷாஹ்!’ என்று அறிவிப்பார். ‘உன் அரசனைப் பார்த்துக்கொள்’ என்பது அதன் கருத்து. அரசன் தப்ப வழியில்லாதபோது ‘ஷாஹ் மாத்’. மாத் என்பதை ‘இறந்தான்’ என்னும் அரபு வினையாகக் கொள்வோர் ஒரு சாரார். ‘செய்வதறியாது திகைத்து நின்றான்’ என்னும் பாரசீகச் சொல்லாகக் கொள்வோர் மற்றொரு சாரார். ஆட்டத்தில் அரசன் ஒருபோதும் வெட்டப்படுவதில்லை. வழியற்று நிற்கிறான், அவ்வளவே. ஆதலின் இரண்டாம் கருத்தே பொருத்தமெனத் தோன்றுகிறது.

முஸ்லிம் ஸ்பெயினும் தென் இத்தாலியும் இவ்வாட்டத்தை ஐரோப்பாவுக்குள் கொண்டுசென்ற வாயில்கள். ஸ்பானிய மொழி ‘அஷ்ஷத்ரன்ஜ்’ என்பதை அப்படியே ஏற்று ‘அஹெத்ரேத்’ என்றது. ஏனைய நாட்டினர் ஆட்டத்தின் பெயரை விட்டுவிட்டு, அதில் ஓயாது கேட்ட கூவலையே பெயராக்கிக்கொண்டனர். இடைக்கால இலத்தீனில் ஷாஹ் ‘ஸ்காக்கூஸ்’ ஆயிற்று. பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’. அதன் பன்மை ‘எஸ்செஸ்’. ஆங்கிலேயர் ஒருமையிலிருந்து ‘செக்’ என்பதையும் பன்மையிலிருந்து ‘செஸ்’ என்பதையும் எடுத்துக்கொண்டனர். செஸ், செக் ஆகிய இரண்டும் ஒரே சொல்லின் இரு எண்கள்; இரண்டுமே ஷாஹ். இன்றைய பிரெஞ்சில் இச்சொல்லின் ஒருமைக்குத் தோல்வி என்று பொருள். பன்மைக்குச் சதுரங்கம் என்று பொருள். ஜெர்மானியரின் ‘ஷாஹ்’, ரஷ்யரின் ‘ஷாஹ்மாத்தி’ ஆகியவற்றில் பாரசீக முகம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியை 1879 முதல் தொகுத்த ஜேம்ஸ் மர்ரே தம் பிள்ளைகளையும் அப்பணியில் ஈடுபடுத்தினார். மேற்கோள் சீட்டுகளை அகரவரிசைப்படுத்துவது அவர்கள் வேலை. அவருடைய மூத்த மகன் ஹெரால்டு மர்ரேயே 1913இல் சதுரங்கத்தின் பெருவரலாற்றை எழுதி வெளியிட்டவர். அரபுக் கையெழுத்துப் படிகளை மொழிபெயர்ப்பில் படிப்பதில் நிறைவு காணாமல் அவர் அரபியைக் கற்றார். தந்தை அகராதியில் தேடிய சொல்லின் ஊற்றுக்கண்ணை மகன் அஸ்ஸூலீ போன்றோரின் மரபில் தேடினார்.

ஆங்கிலத்துக்குள் வந்த சொல் இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று அந்தக் கூவலிலிருந்து கிளைத்தது. மற்றொன்று கட்டங்கள் நிறைந்த பலகையிலிருந்து கிளைத்தது. இப்பிரிவை மனத்திற் கொண்டால் பொருட் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முதற்கிளையைக் காண்போம். ‘ஷாஹ்’ என்றதும் எதிராளி தான் எண்ணியிருந்த நகர்வையெல்லாம் நிறுத்திவிட்டு அரசனைக் காக்க வேண்டும். எனவே திடீரெனத் தடைப்படுதல் என்னும் பொருள் இயல்பாகத் தோன்றியது. வேட்டைப் பருந்து தான் துரத்திய இரையை விட்டு வேறு பறவையின்பால் திரும்பினால் அதையும் அக்கால ஆங்கிலேயர் செக் என்றனர். பிறகு தடைப்படுதல் தடுத்தலாகவும், தடுத்தல் கட்டுப்படுத்தலாகவும் விரிந்தது. ஓடை நீரைத் தடுக்கும் சிற்றணையும், ஒரு திசையில் மட்டும் நீரை விடும் குழாய்த் தடுக்கிதழும் இப்பொருளாலேயே பெயர் பெற்றன. 1787இல் வகுக்கப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனத்தில் ஆட்சியின் ஒரு துறை மற்றொன்றை வரம்பு மீறாமல் தடுக்கும் ஏற்பாட்டைச் சுட்டும் புகழ்பெற்ற தொடரிலும் செக் என்பது தடையே, சோதனையன்று.

தடையிலிருந்து சோதனைக்கு இச்சொல் வந்த வழி கணக்கேட்டின் வழி. பணியாளரின் பெயரேடு, கூலிக் கணக்கு ஆகியவற்றில் மோசடி நேராதபடி தடுக்க இரண்டாவது ஏடு ஒன்றை வைத்து ஒப்பிடுவர். ஆங்கில அரசக் கப்பற்றளங்களில் இவ்வேட்டைக் காத்த அலுவலரின் பதவிப் பெயரிலேயே செக் என்னும் சொல் இருந்தது. ஏமாற்றுதலைத் ‘தடுப்பது’ எப்படி? ‘ஒப்பிட்டுப் பார்ப்பதால்’. காலப்போக்கில் நோக்கத்தைக் குறித்த சொல் அதன் வழிமுறையைக் குறிக்கலாயிற்று. இவ்வாறு சரிபார்த்தல் என்னும் பொருள் பிறந்தது. மருத்துவரின் செக்கப், விடைத்தாளில் இடும் சரிக்குறி, பயணப் பெட்டிக்குத் தரும் அடையாளச் சீட்டு, அமெரிக்க உணவகத்தில் உண்டபின் வரும் கணக்குச் சீட்டு ஆகியவை இதன் வழித்தோன்றல்களே.

தமிழில் மொழிபெயர்ப்போர் இடறி விழும் இடமும் இதுவே. நோய்ப் பரவலைச் ‘செக்’ செய்ய அரசு நடவடிக்கை எடுத்தது என்னும் ஆங்கிலச் செய்தி, நோய்ப் பரவலைச் ‘சோதிக்க’ நடவடிக்கை என்று தமிழில் வருவதை நாம் பலமுறை கண்டுள்ளோம். தடுக்க என்றிருக்க வேண்டும். நம் மொழி தடுப்பணை, சோதனைச்சாவடி என இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும்போது, ஆங்கிலத்தின் மயக்கத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

இரண்டாம் கிளை இன்னும் வளமானது. பிரெஞ்சு மொழியில் சதுரங்கப் பலகைக்கு ‘எஸ்செக்கியே’ என்று பெயர். இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னர்களின் கருவூலத்தில் கட்டம் வரைந்த துணி விரித்த பெரிய மேசை ஒன்று இருந்தது. இரண்டாம் ஹென்றி மன்னரின் கருவூல அதிகாரி ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் 1170களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கிய உரையாடல் நூலொன்றில் அதை விரிவாக விளக்குகிறார். மேசையின் நீளம் ஏறத்தாழ 10 அடி, அகலம் 5 அடி. அதன்மேல் கோடுகளிட்ட கறுப்புத் துணி. பென்னி, ஷில்லிங், பவுண்டு என ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பு. வரி செலுத்த வந்த மாவட்ட அதிகாரி எழுத்தறியாதவராயினும் தம் கணக்கைக் கண்ணால் காணும்படி வில்லைகளை அடுக்கியும் எடுத்தும் கூட்டிக் கழிப்பர். சதுரங்கத்தில் இரு அரசர் பொருதுவது போல இங்கே கருவூல அதிகாரியும் மாவட்ட அதிகாரியும் பொருதுகின்றனர் என அந்நூலாசிரியரே ஒப்பிடுகிறார். மேசையின் பெயர் அலுவலகத்தின் பெயராயிற்று. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் ‘எக்ஸ்செக்கர்’ என்னும் அச்சொல்லைத் தம் பதவிப் பெயரில் தாங்கி நிற்கிறார். ஷாஹ் அங்கே ஒளிந்திருப்பதை அவரிடம் எவரேனும் சொல்லியிருப்பாரா என்பது ஐயமே!

துணிக்கு வந்த பெயரும் பலகையிலிருந்தே பிறந்தது. ஆடையில் கட்டங்கள் போட ஆங்கிலேயர் நமக்குக் கற்றுத்தரவில்லை. பாவிலும் ஊடையிலும் வண்ண நூலை மாற்றி மாற்றி ஓட்டினால் கட்டம் தானே விழும். பெயர் மட்டுமே அவர்களுடையது. போர்த்துக்கீசிய மொழியில் ‘ஷத்ரேஸ்’ என்னும் ஒரே சொல் சதுரங்கத்தையும் கட்டத் துணியையும் குறிக்கிறது. பேச்சு வழக்கில் கம்பி போட்ட சிறைக்கும் அதுவே பெயர். கிழக்கிலும் இதே நிகழ்ந்தது. உர்தூவில் பருத்தி விரிப்புக்கு ‘ஷத்ரன்ஜி’ என்று பெயர் வந்தது சதுரங்கக் கட்டம் போன்ற அதன் நெசவினால்தான்.

கட்டத் துணி என்றதும் நம் கைலி நினைவுக்கு வராதிருக்குமா? டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டிய பழவேற்காட்டிலிருந்து கட்டம் போட்ட துணிகள் கப்பலேறிக் கீழைத் தீவுகளுக்குச் சென்றன. அவ்வூரின் பெயர் ஐரோப்பியர் நாவில் ‘புலிகாட்’ ஆயிற்று. மலாய் மொழியில் ‘பெலிகாட்’ ஆயிற்று. மலேசியாவில் ஆண்கள் தொழுகைக்கு உடுத்தும் கட்டக் கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்றே பெயர். ஆங்கிலேயர் பலகையின் பெயரால் அழைத்த துணியை மலாய் மக்கள் நம் கடற்கரையின் பெயரால் அழைத்தனர். இதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்?

இனி வங்கித் தாளுக்கு வருவோம். இரு கிளைகளும் மீண்டும் சந்திப்பது இங்கேதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் பணப் பத்திரத்தின் அடிக்கட்டையைச் செக் என்றனர். பத்திரத்தைக் கிழித்துக் கொடுத்தபின் அடிக்கட்டை கையில் இருக்கும். போலிப் பத்திரம் வந்தால் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். ஆக மோசடியைத் தடுப்பதும் சரிபார்ப்பதும் ஆகிய முதற்கிளையின் பொருளே இங்குள்ளது. பிறகு அடிக்கட்டையின் பெயர் அடிக்கட்டையுள்ள தாளுக்கே ஆகிவந்தது. ‘எக்ஸ்செக்கர்’ என்னும் கருவூலப் பெயரின் சாயலால் பிரிட்டனில் அதன் எழுத்து வடிவம் மாறியது. அமெரிக்கர் பழைய எழுத்திலேயே எழுதுகின்றனர். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் வழியாக நம் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏறியது பிரிட்டானிய எழுத்து. நாம் அதைக் காசோலை என்று அழகாகத் தமிழாக்கிக்கொண்டோம்.

ஸக் எங்கே போயிற்று? அது கற்பனையன்று. பாரசீகத்திலிருந்து அரபியில் புகுந்ததாக அறிஞர் கருதும் இச்சொல் இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. மர்வான் இப்னு ஹகம் மதீனாவின் ஆளுநராயிருந்தபோது, செங்கடல் துறைமுகமாகிய அல்ஜாரில் இருந்த தானியத்தைப் பெற்றுக்கொள்ள மக்களுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. தானியத்தைக் கையகப்படுத்தும் முன்பே மக்கள் அச்சீட்டுகளை ஒருவருக்கொருவர் விற்கத் தொடங்கினர். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு நபித்தோழரும் ஆளுநரிடம் சென்று இது வட்டியை ஆகுமாக்குவதாகும் என எச்சரித்ததையும், காவலர் அனுப்பப்பட்டுச் சீட்டுகள் திரும்பப் பெறப்பட்டதையும் இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார். அபூஹுரைரா (ரலி) அவர்கள் மர்வானைக் கண்டித்ததாக ஸஹீஹ் முஸ்லிமிலும் வருகிறது. அச்சீட்டுகளின் பெயர்தான் ‘ஸுகூக்’, ஸக் என்பதன் பன்மை. இஸ்லாமிய நிதித்துறை இன்று தன் முதலீட்டுப் பத்திரங்களுக்குச் சூட்டியுள்ள பெயரும் அதுவே.

கி.பி. 10ஆம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல், மேற்கு ஸஹாராவின் அவ்தகுஸ்த் நகர வணிகர் ஒருவர் ஸிஜில்மாஸாவைச் சேர்ந்தவருக்கு 42,000 தீனார் தரவேண்டியிருந்ததைக் காட்டும் ஸக் ஒன்றைத் தாம் கண்டதாக எழுதுகிறார். நம் கட்டுரையாளர்கள் இதையே ‘உலகின் முதல் காசோலை’ என்பர். அது சாட்சிகளால் உறுதி செய்யப்பட்ட கடன் ஆவணம். வங்கிக்கு இட்ட ஆணையன்று. காசோலைக்கு உண்மையில் நெருங்கிய சான்றை வேறோரிடத்தில் காண்கிறோம். ஹிஜ்ரி 443இல் பஸ்ராவுக்கு வந்த நாஸிர் குஸ்ரோ, அங்குள்ள வணிகர் தம் பணத்தை ஸர்ராஃபிடம் ஒப்படைத்துவிட்டு, வாங்கும் பொருளுக்கெல்லாம் ஸர்ராஃபின் மீதே சீட்டு எழுதிக் கொடுத்ததை வியந்து குறிப்பிடுகிறார். இங்கே காசோலையின் செயல்முறை முழுமையாக இருக்கிறது. ஆனால் அவர் அச்சீட்டைக் குறிக்கும் சொல் ‘கத்’, ஸக் அன்று.

செயல் இருந்தது, அதனால் சொல்லும் அங்கிருந்தே போயிற்று என்று ஆகிவிடுமா? அரபியிலிருந்து ஐரோப்பிய வணிகத்துக்குள் சென்ற சொற்களைப் பாருங்கள். ‘தஃரீஃப்’ இத்தாலியில் ‘தரிஃபா’ ஆகி, பின் ஆங்கிலத்தில் டாரிஃப் ஆயிற்று. ‘தீவான்’ இத்தாலியில் ‘தொகானா’ ஆகிச் சுங்கச்சாவடியைக் குறித்தது, பிரெஞ்சிலும் நிலைத்தது. ‘மக்ஸன்’ இத்தாலிய, பிரெஞ்சுக் கிடங்குகளில் தங்கியபின் ஆங்கில மேகஸீன் ஆயிற்று. மத்தியதரைக் கடல் வணிகரின் ஏடுகளில் இவற்றின் காலடிகள் வரிசையாகத் தெரிகின்றன. ஸக் அவ்வாறு சென்றிருந்தால் வெனிஸிலும் ஜெனோவாவிலும் மார்செயிலும் அதன் தடம் இருந்தாக வேண்டும். இத்தாலியரின் சொல்லோ ‘அஸ்ஸெஞ்ஞோ’, முற்றிலும் வேறு. பிரெஞ்சுக்காரர் ‘ஷெக்’ என்பதை ஆங்கிலத்திலிருந்தே பெற்றனர். அரபு நாடுகளோடு ஆயிரமாண்டு வணிகம் செய்தவர்களைத் தாண்டி, ஓர் அரபுச் சொல் திடீரென 18ஆம் நூற்றாண்டு இலண்டனில் குதித்திருக்க முடியாது.

இந்த வாதத்தை முன்வைக்கும்போது நம் நண்பர் சிலர் முகம் சுளிக்கின்றனர். நமக்குரிய ஒன்றை நாமே விட்டுக்கொடுப்பதாக அவர்கள் கருதுகின்றனர். நம் அச்சம் வேறு. அல்ஜீப்ரா, ஆல்கஹால், அட்மிரல் ஆகியவை அரபியின் கொடை என்பதை உலகின் எந்த அகராதியும் மறுக்கவில்லை. அந்த உறுதியான பட்டியலின் நடுவே ஆதாரமற்ற ஒன்றைச் செருகி நம் பிள்ளைகள் கையில் கொடுக்கிறோம். கல்லூரியில் ஒரு பேராசிரியர் அகராதியைப் பிரித்துக்காட்டி அந்த ஒன்றை மறுக்கும்போது, அப்பிள்ளை எஞ்சியவற்றையும் ஐயுறுவான். நாமும் அப்பட்டியலை மேடையில் வாசித்தவர்தாம். அன்று கைதட்டியோருள் மாணவர் பலர் இருந்தனர்.

விட்டுக்கொடுத்ததாகச் சொல்வதும் சரியன்று. ஸக் வழியாக இல்லாவிடினும் ஷாஹ் வழியாக அச்சொல் பாரசீகத்தையும் அரபியையும் கடந்தே சென்றது. அவ்வழியில் ஒவ்வொரு படிக்கும் எழுத்துச் சான்று உண்டு. காசோலையில் மட்டுமன்று, சரிக்குறியிலும் சோதனைச்சாவடியிலும் பிரிட்டனின் கருவூலப் பெயரிலும் அந்தக் கூவல் ஒலிக்கிறது.

சென்ற சொல் இப்போது திரும்பியும் வந்துவிட்டது. கெய்ரோவின் வங்கியில் காசோலைக்கு ‘ஷீக்’ என்று கேட்க வேண்டும்; அது ஐரோப்பியரிடமிருந்து அரபி பெற்ற கடன்சொல். ஸக் இருந்த வீட்டிலேயே ஷீக் குடியேறியிருக்கிறது. தெஹ்ரானில் அதையே ‘செக்’ என்கின்றனர். அங்கே மாலையில் சதுரங்கம் ஆடுவோர் எதிரியின் அரசனைத் தாக்கும்போது இப்போது தம் பழைய சொல்லைச் சொல்லுவதில்லை. ‘கீஷ்’ என்றே கூவுகின்றனர்; ஆட்டம் முடியும்போது மட்டும் ‘மாத்’.